சித்திரமும் கற்பனையும் உரைக்கும் உண்மை



சித்திரக் கதையென்றால் சிறுவரின் பொழுதுபோக்கு. நடவாததைப் புனையும் கதையென்றால் உலகத்தை மறந்திருக்க ஒரு வழி. இவ்வாறு எண்ணுவோர் நம்மிடையே பலர். நானும் அவர்களுள் ஒருவனாகவே இருந்தேன். அண்மையில் படித்த இரு நூல்கள் அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டன.

முதலாவது, அமெரிக்க ஓவியரான ஆட் ஸ்பீகல்மன் எழுதி வரைந்த ‘மௌஸ்’. ஜேர்மன் மொழியில் எலியைக் குறிக்கும் சொல் அது. 1986ஆம், 1991ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக நூலுருப் பெற்ற இது, 1992இல் புலிற்சர் சிறப்புப் பரிசை அடைந்தது. ஆசிரியரின் தந்தை விளாடெக் போலந்து நாட்டு யூதர். நாஸிகளின் அவுஷ்விற்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பியவர். தந்தை சொல்ல மகன் கேட்டு வரைந்த வரலாறே இந்நூல். இதில் யூதர் எலிகளாகவும், ஜேர்மானியர் பூனைகளாகவும், போலந்தினர் பன்றிகளாகவும் தோன்றுகின்றனர்.

மனிதரை இவ்வாறு விலங்கினங்களாகப் பிரிப்பது நாஸிகளின் நோக்கையே ஏற்பதாகாதோ என்ற ஐயம் எழலாம். அதற்கு விடை சித்திரத்திலேயே இருக்கிறது. விளாடெக் போலந்துக்காரர் போல நடித்து வெளியே செல்லும்போது, எலி முகத்தின்மேல் பன்றி முகமூடி அணிந்திருக்கிறார். அதைக் கட்டிய கயிறும் நம் கண்ணிற் படுகிறது. இனவேறுபாடு பிறர் மாட்டிவிட்ட முகமூடியே என்பதைப் பல பக்கங்கள் எழுதினாலும் இத்துணைத் தெளிவாக விளக்க முடியாது. தந்தையைக் குறையற்றவராகவும் மகன் காட்டவில்லை. மறைந்த மனைவியின் நாட்குறிப்புகளை விளாடெக் எரித்துவிட்டார் என அறிந்து மகன் வெகுண்டெழும் இடம் நெஞ்சை உலுக்குகிறது.

இரண்டாவது, ஆபிரிக்க அமெரிக்க எழுத்தாளரான ஒக்ரேவியா பட்லர் அம்மையார் 1979இல் வெளியிட்ட ‘கின்ட்றெட்’ என்னும் நாவல். 1976இல் கலிபோர்ணியாவில் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண், அடிமை முறை நிலவிய பத்தொன்பதாம் நூற்றாண்டு மேரிலாந்துக்குத் திடீரென இழுக்கப்படுகிறாள். அங்கே நீரில் மூழ்கும் ரூபஸ் என்ற வெள்ளைச் சிறுவனைக் காப்பாற்றுகிறாள். அவன் அடிமைகளை வைத்திருக்கும் பண்ணையாரின் மகன்; டேனாவின் மூதாதையும் அவனே. அவன் உயிருக்கு ஆபத்து நேருந்தோறும் அவள் அங்கே அழைக்கப்படுகிறாள். அவன் கொடியவனாக வளர்கிறான். ஆயினும், அவன் மாண்டால் அவளது குலம் தோன்றாது. இத்தருமசங்கடமே கதையின் உயிர். காலப் பயணம் எவ்வாறு நிகழ்கிறதென அம்மையார் விளக்கவில்லை, அதனாற் குறையுமில்லை. டேனா ஒரு கையை இழந்தே மீண்டாள் என்பது நாவலின் தொடக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. கடந்தகாலம் எவரையும் முழுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை.

இந்நாவலை டேமியன் டபி சுருக்கியமைக்க, ஜோன் ஜெனிங்ஸ் வரைந்த சித்திர நாவல் 2017இல் வெளிவந்தது. நிகழ்காலத்தை மங்கிய கபில நிறத்திலும், அடிமைக் காலத்தைப் பளிச்சிடும் வண்ணங்களிலும் தீட்டியமை சிறந்த உத்தி. எனினும், டேனாவின் மனப் போராட்டம் இதிற் குறுகிவிட்டது. ஆதலால் மூலநூலை முதலிற் படித்தல் நன்று.

2022இல், சில சொற்களையும் ஒரு நிர்வாணச் சித்திரத்தையும் காரணங்காட்டி, அமெரிக்காவின் ரெனசி மாநிலத்துக் கல்விச் சபையொன்று ‘மௌஸ்’ நூலைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. வெறும் படக்கதையென நாம் ஒதுக்கும் நூலைக் கண்டு அஞ்சுவோரும் உளர். அவ்வச்சமே அதன் வலிமைக்குச் சான்று. பெற்றோர் இவற்றை முதலில் தாம் படித்து, பின்னர் வளர்ந்த பிள்ளைகளோடு கலந்துரையாடுவாராக.