வெகுமதித் தொகையும் எழுத்தின் வெற்றியும்: ஸ்டீமிட் வலைப்பதிவரின் தன்மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

ஸ்டீமிட் தளத்தில் ஒவ்வொரு பதிவின் அடியிலும் ஒரு டாலர்த் தொகை காட்டப்படுகிறது. அத்தொகையையே எழுத்தின் வெற்றிக்கு அளவாகக் கொள்ளும் போக்கு பதிவரிடத்தும் ஆய்வாளரிடத்தும் எளிதில் தோன்றக்கூடியது. வாக்களித்தோரின் நாணய இருப்பு, சந்தை விலை, பங்கீட்டு விதி ஆகிய மூன்றும் அத்தொகையில் கலந்துள்ளன. இவற்றைப் பிரித்தறிந்த பின்னரே பதிவரின் தனிப்பட்ட வெற்றியைக் கணிக்க இயலும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஸ்டீமிட், வலைப்பதிவு, பிளாக்செயின், வாக்கெடை, நன்மதிப்பெண்.

தளத்தின் இயல்பு

நெட் ஸ்காட், டேன் லாரிமர் ஆகிய இருவரும் 2016ஆம் ஆண்டில் ஸ்டீமிட் தளத்தைத் தொடங்கினர். ஸ்டீம் என்னும் பிளாக்செயின் இதன் அடித்தளமாகும். இங்குப் பதிவருக்குக் கிடைக்கும் வெகுமதி விளம்பர வருவாயிலிருந்தோ வாசகர் சந்தாவிலிருந்தோ வருவதன்று. புதிதாக உருவாக்கப்படும் நாணயத்தின் ஒரு பகுதி பொது வெகுமதித் தொகுப்பில் சேர்கிறது. பதிவுகள் பெற்ற வாக்குகளின் எடைக்கேற்ப அத்தொகுப்பு பங்கிடப்படுகிறது. ஆகவே ஒரு பதிவின் தொகை அப்பதிவால் மட்டும் முடிவாவதில்லை. அதே வாரத்தில் பிறருடைய பதிவுகள் எவ்வளவு வாக்கெடை பெற்றன என்பதும் அதனை முடிவு செய்கிறது.

வாக்கின் எடை

வாக்குகள் அனைத்தும் சமமானவை அல்ல. ‘ஸ்டீம் பவர்’ என்னும் வடிவில் ஒருவர் முடக்கி வைத்துள்ள நாணயம் எவ்வளவோ அவ்வளவே அவர் வாக்கின் எடை. அதனைத் திரும்ப எடுக்கத் தொடக்கத்தில் 104 வாரங்களும், 2016 டிசம்பர் முதல் 13 வாரங்களும் தேவைப்பட்டன. பேரிருப்பு உடையோரைத் ‘திமிங்கிலம்’ என்றும், சிற்றிருப்பு உடையோரைச் சிறுமீன் என்றும் அழைப்பது அத்தளத்து வழக்கு. ஒரு திமிங்கிலத்தின் ஒற்றை வாக்கு நூற்றுக்கணக்கான சிறுமீன்களின் வாக்குகளை விஞ்சக்கூடும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பதிவு 3 வாக்குகளால் 20 டாலரும், மற்றொன்று 80 வாக்குகளால் 4 டாலரும் பெற்றதாகக் கொள்வோம். முதற்பதிவின் 20 டாலரில் 19 டாலர் ஒரே கணக்கிலிருந்து வந்திருப்பின், அவ்வொரு வாக்கை நீக்கியதும் எஞ்சுவது 1 டாலர். இரண்டாம் பதிவில் மிகப் பெரிய வாக்கை நீக்கினாலும் பெரிய மாற்றம் நேராமல் இருக்கலாம். மிகப் பெரிய வாக்கை நீக்கிப் பார்க்கும் இவ்வெளிய சோதனையே தன்மதிப்பீட்டின் முதற்படியாக அமையத்தக்கது. பதிவர் தமக்குத் தாமே அளித்துக்கொண்ட வாக்கையும் இங்கேயே கழித்துவிட வேண்டும்.

விலைக்கு வாங்கிய வாக்குகள் இதனினும் சிக்கலானவை. கட்டணம் பெற்றுக்கொண்டு வாக்களிக்கும் தானியங்கிக் கணக்குகள் அத்தளத்தில் பெருகின. 5 டாலர் செலுத்தி 6 டாலர் மதிப்புள்ள வாக்கைப் பெற்ற பதிவின் அடியில் 6 டாலர் என்றே காட்டப்படும். செலவு அங்கே தோன்றாது. 2019 ஆகஸ்ட் வரை தொகையில் 25 விழுக்காடு வரை வாக்களித்தோருக்குச் சென்றது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் அப்பதிவர் நட்டமடைந்திருக்கவும் கூடும். எனினும் கட்டணப் பரிமாற்றமும் வாக்கும் பிளாக்செயினில் வெளிப்படையாகப் பதிவாகியுள்ளமையால் இச்செலவைக் கண்டறிதல் அரிதன்று.

விலையும் விதியும்

காட்டப்படும் டாலர் மதிப்பு நாணயத்தின் விலையோடு ஏறி இறங்குவது. 2018 ஜனவரியில் ஸ்டீம் 8 டாலருக்கு அருகில் உயர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் அரை டாலருக்கும் கீழே வீழ்ந்தது. அவ்வாண்டு முழுவதும் ஒரே தரத்தில் எழுதி, ஒரே வாசகரைத் தக்கவைத்த பதிவரின் வருவாய் டாலர்க் கணக்கில் சரிந்தே தோன்றும். அச்சரிவைத் தம் எழுத்தின் சரிவாகக் கொண்டால் அவர் தவறான இடத்தில் திருத்தம் தேடுவார்.

இதன் மறுதலையும் உண்டு. ஒரு டாலருக்கு நிகராக நிற்கவேண்டிய ஸ்டீம் டாலர், 2017ஆம் ஆண்டின் இறுதியில் சந்தையில் 10 டாலரைக் கடந்தது. அந்நாளில் 10 டாலர் காட்டிய பதிவின் ஆசிரியர் பங்கு ஏறத்தாழ 7.50, அதில் பாதியான 3.75 ஸ்டீம் டாலராக வழங்கப்பட்டது. அப்பாதி மட்டுமே சந்தையில் 37 டாலருக்கு மேல் விலைபோகும். காட்டிய தொகைக்கும் கைக்கு வந்த பணத்துக்கும் இடையே இத்துணை வேறுபாடு இருந்தது.

பங்கீட்டு விதியும் நிலையாக இருந்ததில்லை. தொடக்கத்தில் வெகுமதி, வாக்கெடையின் இருபடியாகக் கணக்கிடப்பட்டது. பிற பதிவைவிட 10 மடங்கு எடை பெற்ற பதிவுக்கு 100 மடங்கு வெகுமதி. 2017 ஜூனில் இது நேர்விகிதமாயிற்று. 2019 ஆகஸ்டில் ஆசிரியரும் வாக்களித்தோரும் சரிபாதியாகப் பகிரும் முறை வந்தது. இம்மாற்றங்களைக் கடந்து செல்லும் எந்த ஒப்பீட்டிலும் டாலர்த் தொகை பொருளற்றதாகிவிடும். விதி மாறாத ஒரே காலப்பகுதிக்குள், நாணய எண்ணிக்கையைக் கொண்டு ஒப்பிடுவதே ஏற்புடையது.

நன்மதிப்பெண்

25இல் தொடங்கும் நன்மதிப்பெண் பார்வைக்கு நடுநிலையானதாகத் தோன்றும். அது மடக்கை அளவையில் அமைந்தது. 9 புள்ளி உயர்வு அடிப்படை மதிப்பில் 10 மடங்கைக் குறிக்கும். அதனால் 60க்கும் 69க்கும் உள்ள இடைவெளியை 30க்கும் 39க்கும் உள்ள இடைவெளியோடு சமமாகக் கருதலாகாது. மேலும், இவ்வெண்ணும் வாக்கெடையிலிருந்தே பிறப்பது. விலைக்கு வாங்கிய வாக்கும் இதனை உயர்த்தும். தொகையில் உள்ள குறைகள் இதிலும் தொடர்கின்றன. மேற்கோள் எண்ணிக்கையால் ஆய்வாளரை எடைபோடும் பல்கலைக்கழகச் சூழலுக்கு இச்சிக்கல் புதியதன்று.

எஞ்சும் அளவைகள்

ஒருவர் முழு வலுவில் வாக்களித்தால் அவருடைய எஞ்சிய வாக்கு வலுவில் 2 விழுக்காடு செலவாகும். நாளொன்றுக்கு 20 விழுக்காடு மீளும். அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 முழு வாக்குகளே உண்டு. எனவே தம் வாக்கில் எத்தனை விழுக்காட்டை ஒரு வாசகர் அளித்தார் என்பது, அவ்வாக்கின் டாலர் மதிப்பைவிட அவருடைய மதிப்பீட்டை நெருக்கமாகக் காட்டும். திமிங்கிலம் அளித்த 1 விழுக்காடு, சிறுமீன் அளித்த 100 விழுக்காட்டைவிடத் தொகையில் பெரிதாயினும் பாராட்டில் பெரிதன்று. ஆயின் விழுக்காட்டைக் குறைத்து வாக்களிக்கும் வசதி சிறு கணக்குகளுக்குத் தளத்தின் முகப்பில் நெடுங்காலம் காட்டப்படவில்லை. அவற்றின் 100 விழுக்காட்டைத் தெரிவாகக் கொள்ள முடியாது. ஒரே கணக்கு பல மாதங்கள் கடந்தும் மீண்டும் வந்து வாக்களிப்பதும், பதிவின் உள்ளடக்கத்தைத் தொட்டுக் கருத்துரைப்பதும் இதனினும் உறுதியான சான்றுகள். ஒருவருக்கொருவர் மாறி மாறி வாக்களித்துக்கொள்ளும் கணக்குகளை இவ்வெண்ணிக்கையிலிருந்து விலக்குதல் வேண்டும்.

காலம் மற்றொரு வரம்பு. ஒரு பதிவு 7 நாள்கள் மட்டுமே வெகுமதி ஈட்டும். செய்முறை விளக்கம், வரலாற்றுக் கட்டுரை போன்றவை ஈராண்டுக்குப் பின் தேடுபொறி வழியாக வாசிக்கப்பட்டாலும் அவ்வாசிப்புக்குத் தொகை இல்லை. வாக்கு, கருத்துரை, பரிமாற்றம் ஆகியன பிளாக்செயினில் பதிவாகின்றன, வாசிப்பு பதிவாவதில்லை. நீண்டகாலப் பயனுக்காக எழுதுவோர் தொகையை மட்டும் நோக்கினால், தாம் சிறப்பாகச் செய்யும் எழுத்துவகையையே கைவிட நேரும்.

2020 மார்ச்சில் ஸ்டீமிலிருந்து ஹைவ் என்னும் பிளாக்செயின் பிரிந்தது. அதுவரையிலான பதிவுகள் இரண்டிலும் இடம்பெற்றன. பிரிவுக்குப் பின் ஒரே கட்டுரையை ஒரே நாளில் இரண்டிலும் வெளியிட்டால், இரு வேறு வாக்காளர் குழுக்களும் இரு வேறு நாணய விலைகளும் அதற்கு இரு வேறு தொகைகளைத் தரும். இவ்வாறான இணைப் பதிவுகளைத் திரட்டி ஒப்பிட்டால், தொகையில் எழுத்தின் பங்கு எவ்வளவு, சூழலின் பங்கு எவ்வளவு என்பதைத் தனித்தனியே மதிப்பிட வழி உண்டு.