படுவான்கரைக்கு ஒரு பயணம்

மட்டக்களப்புக்கு வருவோர் கல்லடிப் பாலத்தில் நின்று பாடும் மீனுக்குச் செவி சாய்த்துவிட்டுப் பாசிக்குடாவுக்கு வண்டியேறி விடுகின்றனர். வாவிக்கு மேற்கே வேறொரு நாடு கிடப்பதை அவர்களுக்கு எடுத்துரைப்போர் சிலரே. ஞாயிறு எழும் புறம் எழுவான்கரை. படும் புறம் படுவான்கரை. இதைவிடத் தெளிவான வழிகாட்டி வேண்டுமோ?

2014இல் பாலம் திறக்கப்படும்வரை மண்முனைத் துறையில் ‘பாதை’ என்னும் மிதவையே மக்களை அக்கரை சேர்த்தது. இன்று பாலங் கடந்தால் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில். அங்குக் கல்நந்தி புல்லுண்டு பறங்கியரை மிரளவைத்த கதையை ஊரார் சொல்வர். தெற்கே மண்டூர். கப்புகனார் வாய்கட்டிப் பூசை செய்யும் முருகன் கோயில் அது. சின்னக்கதிர்காமம் என்பதும் அதுவே.

கார்த்திகை, மார்கழியில் புறப்படலாகாது. வெள்ளம் வழியை விழுங்கிவிடும். வைகாசியே தக்க காலம். கண்ணகி கோயில்களில் கதவு திறந்து குளிர்த்தி பாடுவது அப்பொழுதுதான்.

ஆயினும் இவ்வூர்களின் அமைதியை அழகென்று மட்டும் கொள்ளுதல் தகாது. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையிலும், 1991 ஜூனில் அயலூரான மகிழடித்தீவிலும் குடிமக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். அவ்வழி செல்பவர் படக்கருவியைப் பைக்குள் இட்டுவிட்டுத் தேநீர்க்கடை வாங்கில் சற்று அமரட்டும். முதியவர் யாரேனும் பேசத் தொடங்கினால், மாலைப் பேருந்து போனாலும் போகட்டும்.