முன்னால் 34, பின்னால் 34

குடியாத்தத்திலிருந்து பலமநேர் போகும் சாலை, சைனகுண்டா பக்கம் வந்ததும் மலையேறத் தொடங்கும். குடியாத்தம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். பலமநேர் கிட்டத்தட்ட 700. ஆக, 400 மீட்டர் ஏற்றம். (யானைகள் நடமாடும் காடு அது. தனியாகக் கிளம்பிவிடாதீர்கள்!)

பள்ளி நாட்களில் சைக்கிளே கதியென்று கிடந்து, பிறகு பைக்குக்கு மாறி, இப்போது தொப்பையைக் குறைக்க மறுபடியும் சைக்கிள் வாங்கப் போகிற மாமா ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். இந்த மலையில் இறங்கித் தள்ளாமல் ஏற அவருக்கு எந்தக் கியர் வேண்டும்? நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லலாம்.

ப்ளஸ் ஒன் படிக்கும் அக்காவுக்கு அரசு கொடுத்த சைக்கிளை ஸ்டாண்டு போடுங்கள். பெடலோடு இருக்கும் பல்சக்கரம் செயின் வீல். பின்சக்கரத்தில் இருப்பது ஃப்ரீவீல். சக்கரம் நின்றபின் பற்களை எண்ணுங்கள். முன்னால் 44, பின்னால் 18 என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று வந்தால் செயின் 44 பல் நகரும். பின்னால் 18 பல்தானே? அதனால் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று ஓடிவிடும். அதன் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால், பெடல் ஒரு சுற்றுக்கு 5 மீட்டர். குடியாத்தத்தின் நேதாஜி சவுக்கு வரை போய்வர இது போதும்.

மலைக்கு வருவோம். 100 மீட்டர் போனால் 7 மீட்டர் உயரும் சரிவு. மாமாவும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. பூமி பின்னுக்கு இழுக்கும் விசை 55 நியூட்டன்; டயர் உராய்வையும் சேர்த்து 60 என்று கொள்ளலாம். அக்கா சைக்கிளில் பெடல் ஒரு சுற்றுக்கு, அதாவது 5 மீட்டர் போக, 60 × 5 = 300 ஜூல் வேலை. முன்னாலும் பின்னாலும் 34 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று, 2.1 மீட்டர். வேலை 126 ஜூல்தான்.

பழக்கம் விட்டுப்போன கால்கள் விநாடிக்கு 150 ஜூல் கொடுத்தாலே பெரிய விஷயம். அப்படிக் கொடுத்தால் எந்தக் கியரிலும் வேகம் ஒன்றே: மணிக்கு 9 கிலோமீட்டர். கியர் மொத்த வேலையைக் குறைப்பதே இல்லை! ஒரே கடனைப் பெரிய தவணையாகக் கட்டுவதா, சின்னத் தவணையாகக் கட்டுவதா என்பதுதான் வித்தியாசம். அக்கா சைக்கிளின் கியரில் நிமிடத்துக்கு 30 சுற்று. பெடலை அழுத்த, சராசரியாக 28 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை. 34-க்கு 34-இல் நிமிடத்துக்கு 70 சுற்று, 12 கிலோ போதும். முதல் வகையில் மாமா எம்பி எம்பி மிதிப்பார், சீக்கிரமே முழங்கால் வலிக்கும். இரண்டாவதில் மூச்சு வாங்கும், கால் தாங்கும்.

ஏலகிரிச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் செய்வது இதைத்தான். பாதை நீளம், சரிவு குறைவு. ஏறும் உயரம் மட்டும் மாறுவதில்லை.

மாமா ரோஷக்காரராக இருந்தால் இதையும் சொல்லுங்கள். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1903-இல் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ், கியர் மாற்றுவதெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கு என்று கேலி செய்தவர். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப்போடும் கருவியை அந்தப் பந்தயத்தில் 1937-இல்தான் அனுமதித்தார்கள். அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். மறுபக்கத்தில் பெரிய பல்சக்கரம் இருக்கும்! இன்றைய வீரர்களோ கூச்சமில்லாமல் சின்னக் கியரில்தான் மலையேறுகிறார்கள்.

கடையில் கேட்க வேண்டியது இரண்டு. முன்னால் 50, 34 என இரண்டு பல்சக்கரம் உள்ளதா? பின்னால் பெரியது 32 அல்லது 34 பல்லா? 25 என்றால் வேண்டாம். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றால், செயினை மாற்றிப்போடும் கருவி அவ்வளவு பெரிய சக்கரத்தைத் தாங்குமா என்றும் கேட்கவேண்டும். எல்லாம் தாங்காது.

இன்னொன்று: முழு பலத்தோடு மிதிக்கும்போது செயின் விறைத்து நிற்கும், பக்கத்துச் சக்கரத்துக்கு லேசில் தாவாது. மேடு கண்ணில் படும்போதே கியரை மாற்றிவிடச் சொல்லுங்கள்.