கொள்கையும் உழவரும்: ஓர் அமெரிக்கப் படிப்பினை

அமெரிக்காவில் 1980களில் உழவர் பலர் நிலம் இழந்ததற்கு அவர்களுடைய சோம்பலோ ஊதாரித்தனமோ காரணமன்று. 1972இல் சோவியத் நாடு பெருமளவில் தானியம் வாங்கவே, விலை ஏறிற்று. வேளாண்மைச் செயலர் ஏர்ல் பட்ஸ், வேலியோரம் வரை பயிரிடுமாறு உழவரை ஊக்குவித்தார். அவர்களும் கடன்பட்டு நிலமும் இயந்திரமும் வாங்கினர். நிலமதிப்பு உயர்ந்தபடியால் வங்கிகள் தயங்காது கடன் வழங்கின.

பின்பு நிலைமை மாறிற்று. பணவீக்கத்தை அடக்க 1979 அக்டோபரில் மத்திய வங்கி கடுநடவடிக்கை எடுத்தபோது வட்டி பெருகிற்று. 1980 ஜனவரியில் அதிபர் கார்ட்டர் சோவியத் நாட்டிற்கான தானிய விற்பனையைக் கட்டுப்படுத்தினார். அயோவாவில் நிலமதிப்பு 1981க்கும் 1986க்கும் இடையே பாதிக்கும் கீழாகச் சரிந்தது. கடனோ குறையவில்லை.

பரிகாரமும் பிறரைத் தாக்கிற்று. மிகுதிப் பாலைக் குறைக்க, 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு பணங்கொடுத்துக் கறவை மந்தைகளை அகற்றியது. அவற்றுள் பல அறுப்புக்கு வரவே மாட்டுவிலை வீழ்ந்தது. இறைச்சி மாடு வளர்ப்போர் வழக்குத் தொடர்ந்தனர். குடும்ப உழவர் நிலத்தை இழவாது கடன் தீர்க்க வழிசெய்யும் திவால் சட்டப் பிரிவு 1986இல்தான் வந்தது. அதற்குள் பலருடைய நிலம் ஏலம் போயிற்று.

கடனால் தலைகுனிந்து சபையில் அமர்ந்திருக்கும் உழவரைக் கடிந்துகொள்ளுமுன், அவர் எவருடைய சொற்கேட்டுக் கடன்பட்டார் என்பதைப் போதகர் விசாரித்தறிவது கடமையாகும்.