வாசலில் நிறுத்தி வயது கேட்கும் விடுதிகள்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு நோக்கி ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அதற்கப்பால் கேரளத்தின் ஏலமலைகள். பொழுது புலரும் வேளையில் ஜீப்புகளில் நெருங்கியமர்ந்து எஸ்டேட் வேலைக்கு ஏறிச் செல்வோரைப் போடியில் காணாத நாளில்லை. மலையிலேயே தங்கிவிடுவோருக்கு லயங்கள் உண்டு. புதிதாக வந்து சேரும் இளைஞனிடம் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பார்கள். இரவு தங்க வேண்டுமானால் உனக்கு இருபத்தொரு வயது நிறைந்திருக்க வேண்டும் என்று அங்கே எவரும் சொல்வதில்லை.

இன்று இவ்வூர்ப் பிள்ளைகள் வேறு திசைகளிலும் புறப்படுகின்றனர். ஏலக்காய் மனிதரை ஏற்றியும் இறக்கியும் பார்க்கும் பயிர். 2019-ஆம் ஆண்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது, பின்னர் சரிந்தது. நல்ல விலை கிடைத்த ஆண்டில் சிலர் நிலம் வாங்குவர். சிலர் பிள்ளையின் படிப்புக்கென எடுத்து வைப்பர். அப்பணத்தோடு வங்கிக் கடனும் சேர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மகனையோ மகளையோ கடல் கடந்து அனுப்புகிறது.

அனுப்பும் பெற்றோர் எவ்வளவோ கவனமாக இருக்கின்றனர். விசா, கல்லூரிக் கட்டணம், குளிருக்கு ஆடை, ஊறுகாய்ப் புட்டி வரை எதுவும் மறப்பதில்லை. ஆனால் போய் இறங்கும் முதல் இரவில் பிள்ளை எங்கே படுத்துறங்கும் என்பதை மட்டும் கணினியில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகின்றனர். அறையின் படத்தைப் பார்க்கிறார்கள், வாடகையைப் பார்க்கிறார்கள், பணத்தைச் செலுத்துகிறார்கள். அடியில் சிறிய எழுத்தில் உள்ள வயது விதியைப் பார்ப்பவர் சிலரே.

பத்தொன்பது வயது மாணவி ஒருத்தி அமெரிக்க நகரொன்றில் இரவு பதினொரு மணிக்கு இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு தொடங்குமுன் முப்பது நாள் வரை முன்னதாக அந்நாட்டுக்குள் நுழைய மாணவர் விசா இடமளிக்கிறது. ஆனால் கல்லூரி விடுதி திறக்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ஆகவே தந்தை ஒரு ஓட்டலில் அறை பதிவு செய்து பணமும் கட்டிவிட்டார். வரவேற்பு மேசையில் இருப்பவர் அவளது பாஸ்போர்ட்டை விரித்து, பிறந்த ஆண்டைப் பார்த்து, "இருபத்தொன்று நிறையாதவர்களுக்கு இங்கே அறை தருவதில்லை" என்கிறார். அவள் கெஞ்சினாலும் விதி தளர்வதில்லை. செலுத்திய பணம் திரும்புமா என்பது பதிவின் நிபந்தனைகளைப் பொறுத்தது. பல வேளைகளில் திரும்புவதில்லை. போடியில் அப்போது காலைப் பொழுது. தாயின் தொலைபேசி ஒலிக்கிறது. இங்கிருந்து அவள் என்ன செய்வாள்?

பதினெட்டு வயதானால் பெரியவர் என்பது நம் நாட்டுக் கணக்கு. 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டம் அதைத்தான் கூறுகிறது. அமெரிக்காவிலும் மிகப் பெரும்பாலான மாநிலங்களில் பதினெட்டே சட்ட வயது; மிசிசிப்பி போன்ற இடத்தில்தான் இருபத்தொன்று. அப்படியிருக்க, பத்தொன்பது வயதுப் பெண்ணை ஒரு விடுதி எவ்வாறு மறுக்க முடியும் என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் நம்மவர் தடுமாறுகின்றனர். சட்டம் சொல்லும் வயது வேறு. விடுதி வைத்துக்கொள்ளும் வயது வேறு. பொது இடங்களில் பாகுபாட்டைத் தடை செய்த 1964-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியுரிமைச் சட்டம் இனம், நிறம், சமயம், பிறந்த நாடு ஆகியவற்றின் பேரில் ஒருவரை விடுதியில் மறுக்கக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வயது இல்லை. ஆகவே பொதுவாக ஒவ்வொரு விடுதியும் தன் எண்ணைத் தானே குறித்துக்கொள்கிறது. ஒரே பெயர்ப்பலகையைத் தாங்கிய இரண்டு ஓட்டல்களில், ஒன்றில் பதினெட்டும் அடுத்ததில் இருபத்தொன்றும் இருக்கலாம். விடுமுறைக் காலத்தில் மாணவர் கூட்டங்கூட்டமாக வந்து குடித்துக் கூத்தாடும் கடற்கரை ஊர்களில் இருபத்தைந்து கேட்கும் விடுதிகளும் உண்டு.

விடுதிக்காரரின் அச்சத்தையும் நாம் புரிந்துகொள்ளத்தான் வேண்டும். மைனர் செய்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்பது பழைய சட்டக் கோட்பாடு. நம் நாட்டிலேயே மோகரி பீபி வழக்கு இதற்குப் புகழ்பெற்ற சான்று. மைனர் ஒருவர் தம் சொத்தை அடமானம் வைத்துக் கடன் பெற்றார். 1903-இல் பிரிவி கவுன்சில் அந்த அடமானம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கடன் கொடுத்தவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அறையின் கண்ணாடியை உடைத்துவிட்டு ஒரு சிறுவன் போய்விட்டால் யாரிடம் வசூலிப்பது என்ற கவலை விடுதிக்காரருக்கு இருப்பது இயல்பே. எனினும் பதினெட்டு நிறைந்தவரைப் பற்றி இக்கவலைக்கு இடமில்லை. அங்கே நிற்பது மதுவைப் பற்றிய அச்சம். 1984-இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின் விளைவாக மாநிலங்கள் அனைத்தும் மது வாங்கும் வயதை இருபத்தொன்றாக்கின. அறைக்குள்ளேயே மதுப்புட்டிகள் அடுக்கிய குளிர்ப்பெட்டி இருக்கும் ஓட்டல், இளையவரை உள்ளே விடத் தயங்குகிறது. லாஸ் வேகாஸ் நகரின் சூதாட்ட ஓட்டல்கள் இருபத்தொன்றைப் பிடித்துக்கொள்வதற்கும் காரணம் இதுவே. நெவாடாவில் சூதாடும் வயதும் இருபத்தொன்று.

குடிப்பவர் சிலருக்காகக் குடிக்காதவரைத் தெருவில் நிறுத்துவது நியாயமா என்று கேட்டால், எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. மற்ற நாடுகள் சில வேறு வழி கண்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் 2004-ஆம் ஆண்டு வயதுப் பாகுபாட்டுச் சட்டம் தங்குமிடத்தையும் உள்ளடக்கியது. பிரிட்டனில் 2012 அக்டோபர் முதல், பதினெட்டு நிறைந்தவரை வயதைக் காட்டி மறுக்கும் விடுதி அதற்குத் தக்க காரணம் காட்டியாக வேண்டும்.

நம் சத்திரங்களை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. மதுரைக்கு ரயிலில் வந்து இறங்குவோர் நிலையத்தின் எதிரிலேயே இராணி மங்கம்மாள் சத்திரத்தைக் காணலாம். வழிப்போக்கனுக்கு நிழலும் சோறும் தருவது அறம் என்று எண்ணிய காலம் அது. ஆனால் பழமையை அளவுக்கு மீறிப் போற்றவும் வேண்டாம். வயதைக் கேளாத பல சத்திரங்கள் சாதியைக் கேட்டன.

இளையவர் என்பதற்காகவே கதவைத் திறந்த விடுதிகளின் கதையும் ஒன்று உண்டு. ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மன் என்றோர் ஆசிரியர் இருந்தார். வகுப்பறையைவிட மலையும் காடும் நன்றாகக் கற்பிக்கும் என்று நம்பியவர். 1909 ஆகஸ்டில் மாணவர்களை அழைத்துக்கொண்டு பல நாள் நடைப்பயணம் சென்றபோது இடியும் மழையும் அவர்களைச் சூழ்ந்தன. ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பி அவ்விரவைக் கழித்தனர். மழையின் ஓசையைக் கேட்டபடி விழித்திருந்த ஆசிரியருக்கு, ஊர்தோறும் இளைஞர் தங்க இப்படி ஓரிடம் இருந்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. சில ஆண்டுகளில் ஆல்டெனா நகரின் பழைய கோட்டையில் முதல் நிலையான இளைஞர் விடுதி உருவாயிற்று. இன்று பல நாடுகளில் அவ்வியக்கம் பரவியிருக்கிறது. குரங்கணி மலையடிவாரத்தில் மழைக்கு ஒதுங்கிய எவருக்கும் அந்த ஆசிரியரின் உள்ளம் விளங்கும். திருச்சபையிலும் இக்கவலை புதிதன்று. வேலை தேடி வீட்டைவிட்டுப் புறப்படும் இளம்பெண்களைக் காப்பதற்கென 1897-இல் சுவிட்சர்லாந்தின் ஃபிரிபூர்க் நகரில் கத்தோலிக்கப் பெண்களின் அனைத்துலகச் சங்கம் ஒன்று தோன்றியது. ஆயினும் இளைஞர் விடுதி என்ற பெயரைக் கண்டதும் மயங்கிவிடலாகாது. பலர் சேர்ந்துறங்கும் கூடங்களில் பதினெட்டுக்குக் குறைந்தவரைச் சேர்க்காத தனியார் விடுதிகள் பல. முப்பத்தைந்துக்கோ நாற்பதுக்கோ மேற்பட்டவரை மறுப்பனவும் இருக்கின்றன.

ஆகவே பெற்றோர் பணம் கட்டுமுன் விடுதிக்கே நேரடியாக மின்னஞ்சல் எழுத வேண்டும். பிள்ளையின் பிறந்த தேதியைக் குறிப்பிட்டு, தனியாகத் தங்க இடமளிப்பீர்களா என்று கேட்டு, வரும் பதிலை அச்சிட்டுப் பாஸ்போர்ட்டோடு வைத்தனுப்ப வேண்டும். இடைத்தரகு நிறுவனத்தின் உறுதிச்சீட்டு மட்டும் வரவேற்பு மேசையில் போதுவதில்லை. தந்தையின் பெயரில் பதிந்துவிட்டால் தீர்ந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். தந்தை உடன் வந்து தங்கினாலன்றி அதனால் பயனில்லை. இன்னொரு தடையும் உண்டு. சேதத்துக்கு ஈடாக ஒரு தொகையை நிறுத்தி வைக்கத் தங்குபவரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்கும் விடுதிகள் பல. நம் மாணவர் கொண்டு செல்லும் முன்பணம் நிரப்பிய பயண அட்டையைச் சில விடுதிகள் ஏற்பதில்லை. இதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். முன்னதாக வந்து சேரும் மாணவருக்குத் தங்குமிடம் காட்டப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் உண்டு. ஓட்டலைத் தேடுமுன் அங்கே எழுதுவது நல்லது.

கிழக்கே செல்வோருக்கும் இது பொருந்தும். ஜப்பான் 2022 ஏப்ரல் முதல் நாள் தன் சட்ட வயதை இருபதிலிருந்து பதினெட்டாகக் குறைத்தது. அதற்குக் குறைந்தவர் தனியே தங்கப் பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தைக் கேட்கும் விடுதிகள் அங்கே மிகுதி. தென்கொரியாவில் 2013 முதல் சட்ட வயது பத்தொன்பது. நம் கணக்கில் பெரியவனாகிவிட்ட பதினெட்டு வயது இளைஞனை, பெற்றோர் உடனில்லை என்று திருப்பி அனுப்பும் விடுதிகள் அங்கே உண்டு. 2027 ஆகஸ்டு 3 முதல் 8 வரை உலக இளையோர் நாள் சியோல் நகரில் நடைபெறும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. குழுவோடு செல்வோருக்கு இல்லங்களிலும் பள்ளிகளிலும் இடம் ஒதுக்குவது இம்மாநாடுகளின் வழக்கம். விழாவுக்கு முன்னும் பின்னும் சில நாள் ஊர் பார்க்கலாம் என்று தனியே அறை பதிவு செய்ய நினைக்கும் இளையோர், பிறந்த தேதியைக் குறிப்பிட்டு விடுதிக்கு எழுத வேண்டியது விமானச்சீட்டு வாங்குமுன்.