பாறையில் மண் செய்த சவுக்கும் மரவட்டையும்

"இது செத்த மண்ணு, இனி எது வெச்சாலும் வராது" என்று குவாரி நிலத்தைக் கைகழுவுகிறவர்களிடம் நான் பாம்புரியின் கதையைச் சொல்வேன். கென்யாவில், மொம்பாசா நகருக்குப் பக்கத்தில் இருக்கும் கடற்கரைப் பகுதி அது.

1954 முதல் அங்கே சிமெண்டுக்காகப் பவழச் சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்தார்கள். வெட்டி முடித்த இடமெல்லாம் வெறும் பாறை. மேல்மண் கிடையாது, நிழல் கிடையாது. கொஞ்சம் தோண்டினால் உப்புத் தண்ணி. 1971ல் ரெனே ஹாலர் என்ற வேளாண் வல்லுநர் 26 வகை மரங்களை அங்கே நட்டுப் பார்த்தார். தாக்குப்பிடித்தவை மூன்றே மூன்று. அதில் ஒன்று, நம்ம ஊர்க் கடற்கரையில் நிற்கிற அதே சவுக்கு.

சவுக்கின் வேர் முடிச்சுகளில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் குடியிருக்கிறது. பயறுக்கு ரைசோபியம் செய்கிற வேலையை இது சவுக்குக்குச் செய்கிறது. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. அதனால்தான் சத்தே இல்லாத பாறையிலும் மரம் எழுந்தது.

ஆனாலும் மண் உருவாகவில்லை. சவுக்குச் சருகில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். லேசில் மட்காது. உதிர்ந்த சருகு அப்படியே குவிந்து கிடந்தது. வங்கிக்காரன் கணக்கில் சொன்னால், போட்ட பணத்தை எடுக்க முடியாத டெபாசிட்!

அதை எடுத்துக் கொடுத்தது மரவட்டை. சிவப்புக் கால் மரவட்டை ஒன்று இந்தச் சருகைத் தின்பதை ஹாலர் கவனித்தார். நூற்றுக்கணக்கில் பிடித்து வந்து தோப்பில் விட்டார். அவை சருகை அரைத்துத் தின்று எச்சம் போட்டன. அந்த எச்சத்தில் நுண்ணுயிர்கள் வேலை செய்து மட்காக்கின. மட்கு சேரச் சேர வேறு மரங்களும் நிலைத்தன, பறவைகளும் வந்தன. ஹாலர் பூங்கா என்று பெயர் பெற்ற அந்தக் குவாரியில் பிறகு ஒட்டகச்சிவிங்கியும் நீர்யானையும் வாழ்ந்தன.

செம்மண் அள்ளிய பள்ளத்தையோ, குவாரி ஓர நிலத்தையோ வைத்திருக்கும் நண்பர்கள் இதிலிருந்து மூன்றை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, சவுக்கு நாற்றுப் பையில், நோயில்லாத பழைய தோப்பின் வேரடி மண்ணை ஒரு கைப்பிடி கலந்து விடுங்கள். நுண்ணுயிர் கூடவே வரும்.

இரண்டு, சருகைக் கூட்டி அடுப்புக்கு அனுப்பாதீர்கள், தீயும் வைக்காதீர்கள். நாளைய மண் அதுதான்.

மூன்று, மரவட்டையைப் பார்த்ததும் பூச்சிமருந்தைத் தேடாதீர்கள். மழைக்காலத்தில் சருகடியில் அது ஊர்ந்தால், அங்கே மட்கு தயாராகிறது என்று பொருள்.

மரம் நட்டதோடு வேலை முடிவதில்லை. உதிர்வதைத் தின்னவும் ஆள் வேண்டும். அந்த ஆளை நாம் கொல்லாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.