விக்ராந்த்: அன்று கடலில், இன்று சாலையில்

1971 டிசம்பரில் திண்டுக்கல் தனி மாவட்டம்கூட இல்லை. மதுரை மாவட்டத்தில் ஓர் ஊர். பூட்டுப் பட்டறை, புகையிலைக் கிட்டங்கி, பேகம்பூர்த் தோல் ஷாப் என்று இருந்த ஊருக்குக் கடல் எட்டாத் தொலைவு. பாகிஸ்தானுடன் வங்கக் கடலில் நடந்த போர் இங்கே வானொலிச் செய்தியாகவும் மறுநாள் காலைப் பத்திரிகையாகவும்தான் வந்துசேர்ந்தது. அந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்த பெயர் விக்ராந்த்.

இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பல் அது. பிரிட்டன் பாதியில் நிறுத்திவைத்திருந்த ஹெர்குலிஸ் என்ற கப்பலை 1957-இல் வாங்கி, கட்டி முடித்து, 1961-இல் கடற்படையில் சேர்த்தார்கள். 1965 போரின்போது பழுதுபார்ப்பில் இருந்ததால் களம் காணவில்லை. அந்தக் குறை மாலுமிகள் மனத்தில் கிடந்தது. 1971-இல் மீண்டும் சோதனை: நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். விமானங்களை மேலே அனுப்பத் தேவையான வேகம் கிடைக்குமா என்பதே சந்தேகம். ஆனாலும் கடற்படைத் தலைவர் நந்தா, கிழக்குப் பிராந்தியத் தளபதி கிருஷ்ணன் இருவரும் அதை ஒதுக்கிவைக்க இசையவில்லை.

கிருஷ்ணன் தமிழர். விக்ராந்தை மூழ்கடிக்கவே பாகிஸ்தான் காசி என்ற நீர்மூழ்கியை அனுப்பியிருந்தது. அவரோ கப்பலை அந்தமானில் மறைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்தில் நிற்பதாக நம்பவைத்தார். அங்குள்ள ஒப்பந்தக்காரர்களிடம் காய்கறியும் இறைச்சியும் ஏராளமாகக் கேட்டார்கள். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொள்முதல் திடீரென்று கூடினால், சாப்பிட எத்தனை வாய் வந்திருக்கிறது என்று சந்தை கணக்குப் போட்டுவிடும். விக்ராந்த் மாலுமி ஒருவர் நோயுற்ற தாயை விசாரிப்பதுபோல் வெளிப்படையாக ஒரு தந்தியும் போனது. ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பல் விக்ராந்தாக நடித்தது.

டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு அருகே காசி மூழ்கியது. உள்ளே இருந்த 90-க்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. தாக்கியது ராஜ்புத் என்கிறது இந்தியா. விபத்து என்கிறது பாகிஸ்தான். டிசம்பர் 4 காலை, விரிசல் விட்ட கொதிகலனோடு இருந்த விக்ராந்திலிருந்து சீ ஹாக் விமானங்கள் கிளம்பி காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. அதன்பின் கிழக்கு வங்கத்துக்குக் கடல்வழி உதவி வரவும் இல்லை, அங்கிருந்த பாகிஸ்தான் படை கடல்வழி தப்பவும் இல்லை. டிசம்பர் 16-இல் அந்தப் படையினர் டாக்காவில் சரணடைந்தார்கள்.

அப்படிப்பட்ட கப்பலை நாம் எப்படி வைத்துக்கொண்டோம்? 1997-இல் ஓய்வு கொடுத்தோம். மும்பையில் சில காலம் அருங்காட்சியகமாக நின்றது. பாதுகாப்பு இல்லை, பராமரிக்கப் பணம் இல்லை என்று 2014-இல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போய், உடைபட்டது. அந்தக் காயலான் இரும்பில் ஒரு பகுதியை பஜாஜ் நிறுவனம் வாங்கி உருக்கி, 2016-இல் வெளியிட்ட வி15 பைக்கின் பெட்ரோல் டேங்கில் சேர்த்தது. அந்த வண்டி நத்தம் சாலையிலோ பழனி சாலையிலோ கண்ணில் பட்டால் எனக்குப் பெருமையைவிட வருத்தமே மிஞ்சுகிறது. முழுக் கப்பலாக நம் பிள்ளைகள் ஏறிப் பார்த்திருக்க வேண்டிய இரும்பு அது.

பெயர் மட்டும் அழியவில்லை. 2022 செப்டம்பர் 2-இல் கொச்சியில் புதிய விக்ராந்த் கடற்படையில் சேர்ந்தது. பழையது 20,000 டன்னை ஒட்டியது. இது 45,000 டன் அளவு, நீளம் 262 மீட்டர். பழையதை வாங்கினோம், இதை நாமே கட்டினோம். இந்த மாற்றத்துக்கு மனம் நிறைந்து மகிழலாம்.

1971-இல் இருபது வயதில் கடற்படையில் இருந்தவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் சொல்வதைக் கேட்டு, பதிவுசெய்து வையுங்கள்.